மூக்கு சொல்வதைக் கேட்காதீர்கள்... கன்னம் சொல்வதைக் கேளுங்கள்!

கடையில் ஒரு சோப்பைக் கையில் எடுத்தவுடன் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? விலையைப் பார்ப்போமா? உறையில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிப்போமா? ஊஹூம்! நேராக மூக்குக்குக் கொண்டுபோய் ஓர் இழுப்பு. ‘ஆஹா, சந்தனம்!’ என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம்.

குளிக்கிற சோப்புக்கு இது எப்படியோ போகட்டும். முகச் சவரத்துக்கு வாங்குகிற சோப்பை மூக்கால் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இப்போது புதுச்சேரிக் கடைகளில் ‘கையால் செய்தது’ என்று போட்டு ஷேவிங் சோப்பு விற்கிறார்கள். சின்ன வட்ட டப்பா, சணல் கயிறு கட்டிய காகித உறை. வெட்டிவேர், சந்தனம், எலுமிச்சைப்புல், கிராம்பு, லாவண்டர் என்று விதவிதமான மணம். வீராம்பட்டினத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. தினமும் பஸ் ஏறி ஆபீசுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆபீஸ் போகிற தம்பிகள் சிலர் டப்பாவோடு வந்து நிற்கிறார்கள்.

“ஐயா, இது மூலிகை சோப்புதான், நல்லதுதானுங்களே?”

“எதைப் பார்த்து வாங்கினீங்க தம்பி?”

“வாசனை சூப்பரா இருந்துச்சுங்க. நுரையும் பொங்கிக்கிட்டு வருதுங்க.”

மணம், நுரை... இந்த இரண்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்று சவரத்துக்கு வேலைக்காரன், இன்னொன்று விருந்தாளி. வேலைக்காரனை நன்றாகச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியை வாசலோடு அனுப்பினாலும் தப்பில்லை!

நுரை எதற்கு?

தாடியை மழிப்பது சோப்பு என்று நினைக்கிறோம். இல்லை. தாடி முடியை மெதுவாக்குவது தண்ணீர்தான். காய்ந்த தாடி முடி, அதே கனமுள்ள செம்புக் கம்பிக்குச் சமமான உறுதி என்று சொல்வதுண்டு. அதே முடி இரண்டு, மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் போதும்; தண்ணீரைக் குடித்து உப்பி, தளர்ந்துபோகும். கத்திக்கு அப்புறம் வேலையே இல்லை.

இதை நம் ஊர் சவரத் தொழிலாளர்கள் எவரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அடைப்பப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுத் திண்ணைக்கு வந்து சவரம் செய்வார்களே, அவர்கள் சோப்பா போட்டார்கள்? கிண்ணியில் தண்ணீர். விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தை நீவு நீவு என்று நீவுவார்கள். அந்த நீவலில் முடி பதமாகிவிடும். அதற்கப்புறம்தான் கத்தியை எடுப்பார்கள். நம் பக்கத்தில் அவர்களுக்கு ‘மருத்துவர்’ என்றே பெயர் இருந்ததும், அவர்கள் கட்டி கீறி மருந்து போட்டதும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்ததும் பெரியவர்களுக்குத் தெரியும். தோலின் குணம் அறிந்த கைகள் அவை.

அப்படியானால் சோப்பு எதற்கு? முகத்தில் தடவிய தண்ணீர் ஒரு நிமிஷத்தில் வழிந்துவிடும், காய்ந்தும் விடும். அந்தத் தண்ணீரை முடியோடு சேர்த்துப் பிடித்து வைக்கத்தான் நுரை. இன்னொரு வேலை, பிளேடு தோலில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போக ஒரு மெல்லிய படலம் போடுவது. அவ்வளவுதான்! ஆகவே நல்ல நுரைக்கு அடையாளம் உயரம் அல்ல. ஈரமும் நிலைத்து நிற்பதும்தான் அடையாளம்.

டீக்கடையில் ஆற்றும் டீயைப் பாருங்கள். மேலே நிற்கிற பெரிய பெரிய குமிழி பட்பட்டென்று உடைந்துபோகும். அதுவே கடைந்த தயிரின் மேல் திரளுகிற நுரை கெட்டியாக, பொடிப் பொடியாக, நெடுநேரம் நிற்கும். கன்னத்துக்கு வேண்டியது இரண்டாவது வகை.

எந்த எண்ணெய்க்கு எந்த நுரை?

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து பிறக்கிற பிள்ளை. எண்ணெய் எதுவோ, பிள்ளையின் குணமும் அப்படியே.

தேங்காய் எண்ணெய் சோப்பு: தொட்டவுடன் பொங்கும். ஆனால் குமிழி பெரிது, ஆயுள் குறைவு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு அழுக்கை எடுப்பதில் கெட்டிக்காரன். தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடும்! தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்ட சோப்பால் தினமும் சவரம் செய்தால் கன்னம் வரவரவென்று இழுக்கும்.

ஸ்டியரிக் அமிலம் கூடுதலாக உள்ள சோப்பு: இது சோம்பேறி மாதிரி தெரியும். பிரஷைப் போட்டு ஒரு நிமிஷம் சுழற்றினால்தான் அசையும். அசைந்துவிட்டாலோ, வெண்ணெய் மாதிரி திரண்டு முகத்தில் உட்கார்ந்துகொள்ளும். சவரத்துக்கு இதுதான் ராஜா. குளியல் சோப்பை சோடியம் காரத்தில் காய்ச்சுவார்கள். அதனால் கட்டியாக இருக்கும். நல்ல ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் காரமும் கலந்திருக்கும்; அதனால் கொஞ்சம் மெதுவாக, தண்ணீரில் சீக்கிரம் கரைவதாக இருக்கும். உறையில் ‘பொட்டாசியம் ஸ்டியரேட்’ என்று முதல் வரிசையில் இருந்தால், செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கெண்ணெய்: கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைக்கு ஒரு வழவழப்பும் நிற்கும் சக்தியும் தரும்.

மாட்டுக் கொழுப்பு: வெளிநாட்டில் கைவினையாளர்கள் விரும்பிச் சேர்ப்பது. நுரை அருமையாக நிற்கும் என்பது உண்மை. சைவக் குடும்பங்களில் இது கூடாது என்பவர்கள் உறையில் ‘சோடியம் டாலோவேட்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொழுப்பு சேர்ந்தது என்று அர்த்தம். நுரையில் இதற்கு ஈடான தாவரச் சோப்பும் செய்ய முடியும். அதனால் ஏக்கம் வேண்டாம்.

கிளிசரின்: சோப்பு காய்ச்சும்போது தானாகவே உண்டாவது. பெரிய ஆலைகள் பலவற்றில் இதைப் பிரித்தெடுத்து வேறு வேலைக்கு விற்றுவிடுவார்கள். வீட்டுப் பக்குவத்தில் செய்கிற சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் அது. கையால் செய்த சோப்புக்கு நான் தருகிற முதல் மார்க் மணத்துக்கல்ல, இந்தக் கிளிசரினுக்குத்தான்.

உப்புத் தண்ணியை மறந்துட்டீங்களே!

‘கோயம்புத்தூரில் மச்சான் வீட்டில் நல்லா நுரைச்ச சோப்பு, இங்கே வந்ததும் மக்கர் பண்ணுதே’ என்று ஒருவர் கேட்டார். சோப்பு மக்கர் பண்ணவில்லை. அங்கே சிறுவாணித் தண்ணீர். மென்னீருக்குப் பேர் போனது. இங்கே கடலோரம். சில வீட்டு போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும்.

தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடினால் சோப்பு அவற்றோடு சேர்ந்து வெள்ளைத் திரியாகத் திரிந்துவிடும். பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான்! நுரையாக வேண்டிய சோப்பு இப்படி வீணாகும். அந்தத் திரி முகத்திலும் ஒட்டிக்கொண்டு அரிக்கும்.

வேடிக்கை பாருங்கள்: தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் உப்புத் தண்ணீருக்கு அவ்வளவாகப் பயப்படாது. கப்பல் மாலுமிகள் கடல் தண்ணீரிலேயே குளிப்பதற்கு இந்தச் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் கடலோர ஊர்களில் ‘இதுதான் நல்லா நுரைக்குது’ என்று ஜனங்கள் இதையே தேடுகிறார்கள். ஆனால் கன்னத்தை வறட்டுவதும் இதுவே! ஏற்கனவே வெயிலும் உப்புக் காற்றும் குடித்த தோல். அதன்மேல் தினமும் இந்த வறட்சி எதற்கு?

வழி ரொம்ப எளிது. சவரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பிரஷை நனைக்கவும் நுரை கூட்டவும் அரை டம்ளர் போதும். குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரிலோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ அரை டம்ளர் எடுத்துச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கடைசியில் முகம் அலம்பவும் ஒரு டம்ளர். அவ்வளவுதான் செலவு! நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கின சோப்பு தராத நுரையை இந்த அரை டம்ளர் தரும். (தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஒருவகைக் கடினத்தன்மை போகும், உப்பு போகாது. ஆகவே கரிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிரயோஜனமில்லை.)

விருந்தாளியின் கதை

இப்போது மணத்துக்கு வருவோம். மணத்துக்கு நான் விரோதி இல்லை. எங்கள் ஊர் அம்மன் பெயரிலேயே ஒரு பூ இருக்கிறது... செங்கழுநீர் அம்மன்! ஆடி மாதத் தேர்த் திருவிழாவில் ஊரே பூவும் சந்தனமுமாக மணக்கும். பூவைத் தலையில் வையுங்கள், சாமிக்குச் சாத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பிளேடு போட்ட கன்னத்தில் தேய்க்கிறீர்களே, அதுதான் என் கவலை.

பிளேடு முடியை மட்டும் எடுப்பதில்லை. தோலின் மேலடுக்கையும் மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகிறது. வாசல் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். அந்த நேரத்தில் முகத்தில் எது இருந்தாலும் உள்ளே போவது சுலபம். கைக்கும் காலுக்கும் ஒத்துப்போகிற வாசனை, சவரம் செய்த முகத்துக்கு ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

‘இயற்கை எண்ணெய்தானே டாக்டர்?’ என்பார்கள். ஐரோப்பிய நாடுகள் 2003-இல் ஒரு சட்டம் போட்டன. ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 26 வாசனைப் பொருள்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் உறையில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று. 2023-இல் அந்தப் பட்டியல் 80-ஐயும் தாண்டிவிட்டது. அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், கிராம்பின் யூஜினால், ரோஜாவின் ஜெரானியால், லாவண்டரின் லினலூல். எல்லாம் செடி கொடி தந்தவைதான்! அதிலும் லினலூல் போன்றவை காற்றுப் பட்டுப் பழசாகும்போது தோலைக் கோபப்படுத்தும் குணம் கூடிவிடும். திறந்த டப்பாவை வருஷக் கணக்கில் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

வாசனை ஒத்துக்கொள்ளாத தோல் எப்போதும் அரித்தும் சிவந்தும்தான் காட்டும் என்பதில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது சத்தம் போடாமல் கறுத்துக்கொண்டே போவதும் உண்டு. கன்னத்தில், தாடை ஓரத்தில், கழுத்தில் சாம்பல் பூத்த கறுப்பு. ‘வெயில்ல அலையறேன், அதான்’ என்று நினைத்து மேலும் மேலும் அதே சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள். ஜப்பானில் 1970-களில் இப்படி முகம் கறுத்துப்போனவர்கள் ஏராளம். சோப்பிலும் அழகுப் பொருள்களிலும் இருந்த சில வாசனைகளும் சாயங்களும்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றை நீக்கிய பிறகு நோய் வெகுவாகக் குறைந்தது. அந்தக் கறுப்பு வந்துவிட்டால் மறைய மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் ஆகும். ஒரு வாசனைக்குக் கொடுக்கிற விலையா இது?

சவரத்துக்குப் பின் தடவுகிற தைலங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சோப்பை அலம்பிவிடுகிறோம், தைலம் முகத்திலேயே தங்குகிறது. நம் அப்பா காலத்தில் காய்ச்சலுக்குக் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவார்களே ஓடிகொலோன், அந்த வகை வாசனைத் தண்ணீரில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தின் எண்ணெய் சேரும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனவர்களுக்குத் தடவிய இடம் தடவிய மாதிரியே கறுத்தது என்று 1916-லேயே ஐரோப்பாவில் ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். எலுமிச்சை இன எண்ணெய்களைத் தடவிக்கொண்டு நம் ஊர் மே மாத வெயிலில் இறங்கலாமா?

மணம் பற்றி ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடுவோம். உண்மையான சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் 100 ரூபாய். 100 கிராம் சோப்பு முழுக்க முழுக்க அந்த எண்ணெயாலேயே கமகமக்க வேண்டுமானால் 2, 3 கிராமாவது வேண்டும். எண்ணெய்க்கே 200, 300 ரூபாய்! 120 ரூபாய்க்கு விற்கிற ‘சுத்த சந்தன’ சோப்பில் மணப்பது என்ன என்று நீங்களே யோசியுங்கள். உறையில் ‘பர்ஃப்யூம்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பல டஜன் ரசாயனம் ஒளிந்திருக்கலாம்.

புதினா உப்பு, யூகலிப்டஸ் போட்டது ‘ஜில்லுன்னு’ இருக்கிறதே என்பவர்களுக்கு: தோல் குளிர்ந்துவிடவில்லை. குளிர்ச்சியை உணர்கிற நரம்பைப் புதினா உப்பு தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். எரிச்சலை இந்தக் குளிர்ச்சி மறைத்துவிடுவதால், ஒத்துக்கொள்ளாத சோப்பைக் கூட நல்ல சோப்பு என்று நம்பிவிடுவோம்.

சோப்புக்குள் மூலிகையா?

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். வேம்பையும் மஞ்சளையும் குப்பைமேனியையும் வைத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. அதனாலேயே இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மூலிகையின் பெயரைச் சோப்பு உறையில் போட்டுவிட்டால் மூலிகையின் குணம் முகத்துக்கு வந்துவிடாது.

மருந்துக்கு அளவு உண்டு, பக்குவம் உண்டு, தோலில் தங்கும் நேரம் உண்டு. சோப்பு காய்ச்சும்போது கடும் காரத்தில் மூலிகை வேகிறது. அப்புறம் இரண்டு நிமிஷம் முகத்தில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது. இதில் மருந்து எங்கே?

வீட்டிலேயே ஒரு நிரூபணம் இருக்கிறது, பெண்களுக்குத் தெரியும். மஞ்சள் கறை பட்ட புடவையில் சோப்பு போட்டால் என்ன ஆகும்? சிவந்துபோகும்! மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பதும் இதே கணக்குதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அப்படியிருக்க, ‘அசல் மஞ்சள் சோப்பு’ என்று பளீரென்ற எலுமிச்சை மஞ்சளில் ஒன்று இருந்தால், அந்த நிறம் மஞ்சள் கிழங்கிலிருந்து வந்தது என்று நான் நம்பமாட்டேன்.

சித்த மருத்துவம் சவரத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையா? சொல்லியிருக்கிறது. தேரையர் நோய் வராமல் இருக்க வகுத்த ஒழுக்கங்களில் சவரமும் ஒன்று. அரை மாதத்துக்கு இரண்டு தரம் என்பது அவர் கணக்கு. மாதத்துக்கு நாலு. இன்றைக்கு ஆபீஸ் போகிறவர் மாதத்துக்கு 25, 30 தரம் மழிக்கிறார். ஆறேழு மடங்கு! தோலுக்கு ஓய்வே இல்லை. அப்படியானால் அதில் படுகிற பொருள் எவ்வளவு சாதுவாக இருக்க வேண்டும்? தோலின் இயல்பு லேசான அமிலம். சோப்பு எதுவானாலும் காரம்தான். அந்தக் காரத்தையே தினமும் தாங்குகிற தோலுக்கு வாசனைச் சுமையும் எதற்கு? வேலையில் கட்டாயமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையாவது கன்னத்துக்கு லீவு விடுங்கள்.

வறண்ட தோல்காரர்களுக்கு ஒரு யோசனை. நுரை போடுமுன் நாலைந்து சொட்டு நல்லெண்ணெயை ஈர முகத்தில் மெல்லிசாகத் தடவி, அதன்மேல் நுரையைப் போடுங்கள். அதிகம் தடவினால் நுரை செத்துவிடும். கணக்காக இருக்க வேண்டும். எண்ணெய் பூசி உடம்பைச் சுத்தம் செய்வது சோப்புக்கும் மூத்த பழக்கம். எங்கள் ஊரை ஒட்டி இருக்கிற அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானியச் சாடிகளில் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளும் உண்டு. அந்த ரோமானியர்கள் சோப்பு போட்டுக் குளித்தவர்கள் அல்ல. எண்ணெய் தேய்த்து, வளைந்த தகட்டால் வழித்துப் போட்டவர்கள்! நம் எண்ணெய்க் குளியலுக்குத் தூரத்து உறவு.

ஒரே பிரஷ், ஒரே படிகாரம்

சோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். பிரஷ்? முதல் உலகப் போர் சமயத்தில் சுத்தம் செய்யாத குதிரை முடியில் செய்த ஷேவிங் பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் பரவி, உயிரே போனது. இன்று அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒரே பிரஷ் பத்து முகத்துக்குப் போனால் மருவும் படையும் சீழ்க் கொப்புளமும் கூடவே போகும். வீட்டில் ஆளுக்கொரு பிரஷ். உபயோகித்ததும் அலசி, உதறி, முடி கீழ்நோக்கித் தொங்குகிற மாதிரி காய வையுங்கள். ஈர பிரஷை டப்பாவில் போட்டு மூடாதீர்கள்.

சவரத்துக்குப் பின் படிகாரம் நல்லது. சீனக்காரம் என்று எங்கள் ஏடுகளில் வருவதும் இதுதான். பொடி வெட்டுக்களின் ரத்தத்தை நிறுத்தும். மணமும் கிடையாது! ஆனால் ஒரே படிகாரக் கட்டியை வரிசையாக எல்லோர் கன்னத்திலும் தேய்ப்பது ஆபத்து. மஞ்சள் காமாலையில் ‘பி’ வகைக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். சலூனுக்குப் போகிறவர்கள் புது பிளேடு கேட்டு வாங்குவதைப் போலப் படிகாரத்தையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். பத்து ரூபாய் விஷயம்.

வீட்டிலேயே மூன்று பரீட்சை

ஷேவிங் சோப்பு வாங்குகிறவர்களுக்கு, வாங்கிக் கொடுக்கிற மனைவிமார்களுக்கும் சேர்த்துத்தான்!

1. நுரைப் பரீட்சை: நீங்கள் சவரம் செய்கிற அதே தண்ணீரில் நுரை கூட்டுங்கள். முழங்கைக்குக் கீழே கனமாகத் தடவிக் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நிமிஷம் கழித்தும் பளபளவென்று ஈரமாக நின்றால் முதல் வகுப்பு. குமிழி உடைந்து வெள்ளைப் பொருக்காகக் காய்ந்துவிட்டால் ஃபெயில். பிறகு நுரையை வழித்துவிட்டு விரலால் நீவுங்கள். வழுக்கினால் பாஸ், கிரீச்சென்று பிடித்தால் பிளேடும் அப்படித்தான் பிடிக்கும்.

2. மணப் பரீட்சை: முகம் அலம்பி அரை மணி கழித்தும் வாசனை தூக்கலாக அடித்தால், அந்த அளவுக்கு அது தோலில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். நமக்கு வேண்டாம். புது சோப்பை உடனே முகத்தில் போடாதீர்கள். முன்கையின் உள்பக்கத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம், நுரை தடவி இரண்டு நிமிஷம் வைத்து அலம்புங்கள். அரிப்பு, சிவப்பு, சொரசொரப்பு வந்தால் அந்தச் சோப்புக்குக் கும்பிடு. ஏற்கனவே முகத்தில் கறுப்புப் படர்ந்திருந்தால் வாசனைப் பொருள்களை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

3. உறைப் பரீட்சை: செய்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது... 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் இவற்றை உறையில் கேட்கின்றன. ‘கையால் செய்தது’ என்பது இவற்றுக்குப் பதில் ஆகாது. எவ்வளவு அழகான சணல் கயிறாக இருந்தாலும்!

செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கையால் செய்த சோப்பே வேண்டாம் என்று யாராவது இதைப் புரிந்துகொண்டால் எனக்கு வருத்தம். சுய உதவிக் குழுப் பெண்கள் பலருக்குச் சோப்பு ஒரு பிழைப்பு. காஸ்டிக் சோடா முன்னால் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்கிற அந்தத் தாய்மார்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு என் யோசனை இது: மணத்தில் பெரிய கம்பெனிகளோடு போட்டி போடாதீர்கள் அம்மா. அதில் அவர்களை ஜெயிக்க முடியாது. வாசனை எண்ணெய்தான் உங்கள் முதலில் பெரும்பகுதியை விழுங்குகிறது. அதை விட்டுவிட்டு நுரையில் போட்டி போடுங்கள். ஸ்டியரிக்கும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்த்து, கிளிசரினை உள்ளேயே விட்டு, சூடேற்றாமல் செய்கிற சோப்பை 4 முதல் 6 வாரம் நன்றாக ஆறப்போட்டு, உப்புத் தண்ணீரில் சோதித்துப் பார்த்து, ‘வாசனை சேர்க்காதது’ என்று தைரியமாக உறையில் போடுங்கள். கடலோரத்துத் தண்ணீரில் நுரைத்துக் கன்னத்தையும் வறட்டாத ஒரு சோப்பை நீங்கள் கொடுத்தால், என்னிடம் வருகிற தம்பிகளுக்கு நானே அதைச் சொல்வேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவனின் கணக்கு எளிது. இருபது வயதில் சவரத்தைத் தொடங்குகிறவர் அறுபது வரை தினமும் மழித்தால், பதினாலாயிரம் தரத்துக்கு மேல் அந்தக் கன்னத்தில் நுரை ஏறி இறங்கும். ஒவ்வொரு தரமும் மூக்குக்குக் கிடைக்கிற சுகம் அரை நிமிஷம். கன்னமோ நாள் முழுக்க அதன் பலனைச் சுமக்கிறது. எனவே அடுத்த தடவை கடையில் அந்த வட்ட டப்பாவைக் கையில் எடுக்கும்போது, மூக்கைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கன்னத்துக்கும் ஓர் ஓட்டு கொடுங்கள்!